மலைச்சரிவின் வெள்ளை எழுத்து

மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு,

தாமதத்தைப் பொறுத்தருள்க. தங்கள் முழங்கால் வலி தணிந்ததா? இங்கே கொலராடோவில் நான் நலம்.

எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு மேலே, மலைச்சரிவில் ஊரின் முதலெழுத்தைக் கற்களால் அடுக்கியுள்ளனர். ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பினர் மட்டுமே அதற்குச் சுண்ணாம்பு பூசுவர். இம்முறை வகுப்பில் நால்வரே. பனி விழுமுன் முடிக்க முதன்முதலாகத் தவறிய வகுப்பு என்ற அவப்பெயருக்கு அஞ்சினர். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் நான் உதவ முன்வந்தேன்.

"வழக்கம் இடம் கொடுக்காதே, மிஸ் ஆர்டித்," என்றான் நால்வரில் ஒருவனான காலெப்.

அவன் வகுப்புத் தோழி டெஸ்ஸா கேட்டாள்: "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"எட்டோட நின்னுட்டேன்."

"அப்ப அடுத்தது ஒன்பதுதானே? வாளியத் தூக்குங்க."

மாலைக்குள் எழுத்து பளிச்சிட்டது. தங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சோளரொட்டிச் செய்முறையைத் தங்கள் கையெழுத்திலேயே அனுப்புங்கள். விரைவில் பதில் எழுதுங்கள்.

ஆர்டித்