பேட்டரிக்கு வைத்த பொட்டு

அக்கா,

இன்று காலை அம்மா அழுக்குத் துணிகளை ஊறவைக்க வெந்நீரில் சோடா உப்பைக் கொட்டினாள். அந்த வாடை மாட்டுக் கொட்டகையில் இருந்த என்னைத் தேடி வந்தது. மற்ற வீடுகளில் அது துணி வாடை. நம் வீட்டில் சனிக்கிழமை வாடை, நீ மோட்டார் சைக்கிளுக்கு வைத்தியம் பார்க்கும் நாளின் வாடை. தவிட்டுக் கூடையை வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்று மாதமாகிறது. பதில் போடாமல் தப்பிக்க நீ கண்டுபிடித்த காரணம் கொஞ்சம் பெரியதுதான்.

ஊரை விட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அப்பா அந்த வண்டியை வாங்கி வந்தார். பக்கவாட்டில் ஒரு தொட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டி. அதன் சத்தத்துக்கு நம் மீனாட்சிபுரத்து எருமைகள் ஒரு வாரம் பால் குறைத்தன. கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்க வீட்டில் உன்னை விட்டால் ஆளில்லை. அப்பா ஓட்டுவார், நீ படித்துச் சொல்வாய், நான் குறுக்கே நிற்பேன். எஞ்சினுக்குப் பொறி கொடுப்பதே பேட்டரிதான், அது பேசாவிட்டால் வண்டி ஊமை என்று கண்டு சொன்னவள் நீ.

பேட்டரியின் தலையில் இரண்டு ஈயக் குமிழ்கள். அவற்றைக் கவ்வியிருக்கும் கம்பி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூக்கும். நீ சனிக்கிழமைதோறும் கம்பிகளைக் கழற்றுவாய். சோடா வெந்நீரில் நனைத்த துணியால் தேய்ப்பாய். பூத்ததெல்லாம் நுரைத்துக் கரையும். ஈரம் போகத் துடைத்து, ஸ்பானரால் இறுக்கி, எல்லாம் முடிந்த பிறகுதான் மேலே மெல்லிசாகக் கிரீஸ். "தொடைக்காமப் பூசினா அது காவல் இல்ல, முக்காடு" என்பாய்.

உனக்குப் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை நெருங்கியது. "அம்மிணி, நீ புஸ்தகத்தப் பாரு. பேட்டரியத் தம்பி பாத்துக்குவான்" என்றார் அப்பா. எனக்குப் பதினைந்து வயது. முதல் சனிக்கிழமை நீ செய்தது போலவே செய்தேன். இரண்டாம் சனிக்கிழமை வெந்நீர் வைக்கச் சோம்பலாக இருந்தது. பூத்திருந்த உப்பின் மேலேயே ஒரு கை கிரீஸை அள்ளி அப்பினேன். பார்க்கப் புதுசு போல மின்னியது. சும்மா இருப்பேனா, பேட்டரியின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

கையில் புத்தகத்தோடு நீ வந்து எட்டிப் பார்த்தாய். "கழட்டித் தொடச்சியாடா?"

"தொடச்சு, தலை சீவி, பொட்டும் வெச்சாச்சு. இனி மாப்பிள்ளை பாக்க வேண்டியதுதான்."

நீ சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்பில் என் பொய் பாஸாகிவிட்டது. அந்த வருஷம் நம் வீட்டில் பாஸானது அது ஒன்றுதான். அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் கிரீஸின் மேல் கிரீஸ்தான்.

பரீட்சைக்கு முந்தின நாளே பாலக்காட்டுக்குப் போய்த் தங்கலாம் என்று அம்மா சொன்னாள். "வண்டி இருக்கையில எதுக்கு?" என்றார் அப்பா. விடிந்ததும் புறப்பட்டோம். நீ தொட்டியில், நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால். பாலக்காட்டுச் சாலையில் சித்தூருக்கு இந்தப் பக்கம், பனைமரங்கள் வரிசையாக நிற்கிற வெட்டவெளியில் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை இருமவும் தெம்பில்லாமல் நின்றது.

எனக்கு முதல் இருமலிலேயே தெரியும், அக்கா. இதுவரை யாரிடமும் இதை இத்தனை நேராகச் சொன்னதில்லை.

அப்பா பெட்ரோலைப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி ஊதினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்து உதைத்து வேர்த்துப் போனார். "பேட்டரியா இருக்குமா அம்மிணி?" என்று உன்னைக் கேட்டார். நீ யோசிக்கவே இல்லை. "பேட்டரி நல்லாத்தான் இருக்கோணுமுங்கப்பா. தம்பி வாராவாரம் தொடைக்கறான்" என்றாய்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். எதற்கெல்லாமோ திறந்த வாய்.

வெயில் ஏறியது. ஏதாவது தோட்டத்தில் மாட்டு வண்டி கிடைக்குமா என்று பார்க்க அப்பா வரப்பில் இறங்கி நடந்தார். அவர் தலை மறைந்ததும் நீ என் பக்கம் திரும்பினாய்.

"ஏன்டா பேசாம நிக்கற?"

"சும்மாதான்."

"நீ சும்மா நின்னு நான் பாத்ததே இல்லியே."

அவ்வளவுதான். தொட்டியிலிருந்து இறங்கிப் பேட்டரிப் பெட்டியைத் திறந்தாய். கிரீஸை விரலால் வழித்தாய். அடியில் உப்பு, கட்டிதட்டிப் போய், கம்பியைக் குமிழிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ கொண்டை ஊசியை உருவிச் சுரண்டத் தொடங்கினாய். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினாய், புதுத் தாவணி முனையால் துடைத்தாய், ஸ்பானரை வாங்கி இறுக்கினாய். "உதை" என்றாய். உதைத்தேன். வண்டி உடனே பேசியது. சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்தார்.

"எப்படி அம்மிணி?"

"ஒரு கம்பி ஆடிட்டு இருந்துச்சுங்கப்பா. முறுக்கினேன்."

பாலக்காட்டுப் பள்ளிக்கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. "சமயம் கழிஞ்ஞு, இனி பற்றில்ல" என்று, நேரம் முடிந்துவிட்டதாக மலையாளத்தில் கையை விரித்தார் காவலாளி. அப்பா அவரிடம் கைகூப்பினார். கோயிலுக்கு வெளியே அவர் கைகூப்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நீ கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. போய்த் தொட்டியில் உட்கார்ந்து, தாவணியின் அழுக்கு முனையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாய்.

அடுத்த பரீட்சை எழுதினால் போச்சு என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "ரெண்டு வருசமா ஒரு நாளும் நிக்காத வண்டி, இன்னிக்குப் பாத்து நின்னுருக்குது. புள்ளைக்குப் படிப்பு போதும்னு சாமி சொல்லுது." அம்மா தலையாட்டினாள். வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் துடைக்காத உப்பு நாலே நாளில் சகுனமாகிவிட்டது.

மறுநாள் வாய்க்காலோரம் என்னை நிறுத்தினாய்.

"அது சகுனம் இல்ல, உப்புன்னு உனக்குத் தெரியும். அப்பாகிட்டச் சொல்லிரு."

"நீயே சொல்லீரேன்."

"நான் சொன்னா, படிக்கற ஆசையில தம்பி மேல பழி போடறாம்பாரு. நீ சொன்னாத்தான் நம்புவாரு. அடுத்த பரீட்சைக்குப் பேர் குடுக்க ஆறு மாசம் இருக்குது. அதுக்குள்ள சொன்னாப் போதும்."

"நல்ல நாள் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

இந்த முறை நீ சிரிக்கவில்லை.

ஆறு மாதத்தில் எனக்கு ஒரு நல்ல நாள் கிடைக்கவில்லை. ஒரு நாள் அறுவடை. ஒரு நாள் அப்பாவுக்குப் பல்வலி. ஒரு நாள் அவர் சந்தோஷமாக இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். அடிக்குப் பயந்தேன் என்பதைத்தான் இத்தனை விதமாகச் சொல்கிறேன். சாப்பிடும்போது நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாய். நான் ஏதாவது கிண்டல் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பேன். பிறகு மலைமேல் சாந்தன்பாறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஏலத்தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை. பேர் கொடுக்கும் நாள் கடந்து பத்தாம் நாள் உனக்குக் கல்யாணம்.

உன்னைப் பஸ் ஏற்றிவிட அப்பா அதே வண்டியில் கூட்டிப் போனார். அன்றைக்கு வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. முந்தின நாள் நான்தான் வெந்நீர் வைத்து, சோடா போட்டு, ஒரு பொட்டு உப்பில்லாமல் துடைத்திருந்தேன். நின்றிருந்தால் அதையும் சகுனம் என்று அப்பா உன்னைத் திருப்பிக் கூட்டி வந்திருப்பாரோ என்னவோ. நான் துடைக்க வேண்டிய நாளில் துடைக்கவில்லை. துடைக்காமல் விட்டிருக்க வேண்டிய நாளில் துடைத்துவிட்டேன்.

அங்கிருந்து நீ எழுதிய கடிதங்களில் மழை இருக்கும், அட்டைப்பூச்சி இருக்கும், கடைசி வரியில் எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இருக்கும்: சொல்லிட்டியா? நான் பதிலில் அட்டைப்பூச்சிகளின் நலம் விசாரிப்பேன். கடைசிக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தை அதில் இல்லை. கேட்டு அலுத்துவிட்டாயா, எழுதக் கை வரவில்லையா, எனக்குத் தெரியாது.

அந்தக் காய்ச்சலிலேயே நீ போனாய். உன் காரியம் முடிந்து அப்பா மலையிலிருந்து திரும்பி வந்த வாரம் அவரிடம் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முதலில், "இதுலயும் வெளையாட்டா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கிரீஸைச் சொன்னேன். பொட்டைச் சொன்னேன். வெட்டவெளியில் வாயை மூடி நின்றதைச் சொன்னேன். அவர் கை ஓங்கவில்லை.

"அம்மிணிக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்கப்பா. அன்னிக்கே தெரியும்."

மாடு குடித்து முடித்துத் தலையைத் தூக்கிய பிறகும் அவர் வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லல" என்றார். "நான் நம்ப மாட்டேன்னு நெனச்சிருக்குது புள்ள." அதன் பிறகு அவர் சகுனம் என்ற சொல்லை எடுக்கவில்லை. வண்டியையும் எடுக்கவில்லை.

ஆனால் ஊர் அந்தச் சொல்லை இன்னும் எடுக்கிறது, அக்கா. போன வாரம் நல்லேப்பிள்ளி அத்தை வந்திருந்தார். உன் பேச்சு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவளுக்குப் படிப்பு எழுதி வெக்கல கண்ணு. அதான் பாதி வழியில வண்டி நின்னுது" என்றார்.

"வண்டி நின்னது என்னாலதானுங்க அத்தை. தொடைக்காமயே தொடச்சேன்னு சொன்னேன்."

அத்தை கோபப்படவில்லை. நான் பேசினால் அடுத்து கிண்டல்தான் வரும் என்று ஊருக்கே பழகிவிட்டது. சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு தடவை சொன்னேன்.