மூன்றாம் வரியை வாசிக்க மறுத்த அண்ணனுக்கு

என் உயிரான பெரியண்ணன்,

உங்களை அடக்கம் செய்து ஏழு மாதமாகிறது. நான் இன்னும் அரசாங்கக் கச்சேரியில் டைப்பிஸ்ட்தான். நாளைக்கும் அந்த வேலை இருக்குமோ தெரியாது.

கொழும்பில் லத்தீனும் கிரேக்கமும் படித்துவிட்டு வந்தீர்கள். மட்டக்களப்பில் லத்தீன் வகுப்பை மூடும்வரை படிப்பித்தீர்கள். பிறகு வாவிக்கரை மேட்டில் பழைய முதுமக்கள் தாழிகளைத் தோண்டத் தொடங்கினீர்கள். "மாஸ்டருக்குச் செத்த பாஷை முடிஞ்சிது, இனிச் செத்த ஆக்கள்" என்று ஊர் சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள்.

அப்போதுதான் வாவிக்கு அக்கரையான படுவான்கரையில், நிலக்காரர் போடியாரின் வயல் வட்டையில் ஏர், எழுத்து வெட்டிய ஒரு கல்லில் முட்டியது. அவரே வள்ளமேறி வந்து உங்களைக் கூட்டிப்போனார். கல்லைக் கழுவி, ஈரக் கடதாசியை ஒட்டி, மேலே மை ஒற்றிப் படி எடுத்தீர்கள். மூன்று வரி. தாயின் பேரில் ஒருவன் குளம் வெட்டிக் கொடுத்தான் என்றன முதல் இரண்டும். மூன்றாவது தேய்ந்துபோயிருந்தது.

அந்தத் தேய்ந்த வரிக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். அதில் நம்மட அரசன் பேர் இருக்கிறதென்று எழுதச் சொன்னது ஒரு கூட்டம். அது புத்த விகாரைக் காணி என்று எழுதச் சொன்னது இன்னொரு கூட்டம்.

"ஒரு வரிதானே மாஸ்டர்," என்றார் அவர்களில் ஒருவர்.

"தேஞ்ச எழுத்தை வாசிக்க எனக்கு ஏலா," என்றீர்கள்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, படியிறங்கும்போது அவர் கேட்டார்: "தோண்டுற குழி எத்தனை அடி ஆழம்?"

அடுத்த கிழமை, பட்டப்பகலில், குழி சரிந்து உங்களை மூடியது. விபத்து என்று திடீர் மரண விசாரணை அதிகாரி எழுதினார். மண்ணைத் தாங்கும் பலகைகளெல்லாம் பனையடியில் ஒழுங்காக அடுக்கியிருந்தன, அண்ணன். பலகை போடாமல் நீங்கள் ஒருநாளும் இறங்கியதில்லையே. யார் கழற்றினது?

கல்லை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்க ஆளில்லை.

போன திங்கட்கிழமை என் மேசைக்கு ஒரு கட்டளை வந்தது. போடியாரின் வட்டையை எடுக்கப்போகிறார்களாம். அது விகாரைக் காணி என்று மூன்றாம் வரி சொல்கிறதாம். வாசித்தவர் என்று உங்கள் பேர் போட்டிருந்தது.

"ஐயா, அண்ணன் இப்பிடி வாசிக்கல்ல," என்றேன்.

"டைப் பண்ணுறதுதான் உம்மட வேலை," என்றார் மேலதிகாரி.

தாளை உருவி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பின்னேரம் போடியார் வந்தார். வட்டையில் வெள்ளை எல்லைக் கட்டைகள் நட்டாயிற்றாம். "அந்தக் கல்லை அண்டைக்கே வாவிக்குள்ள தள்ளியிருக்கணும், புள்ள. மாஸ்டர் உசிரோட இருந்திருப்பார்," என்று அழுதார்.

நேற்று முன்பின் தெரியாத இருவர் வந்து உங்கள் கடதாசிகளைக் கேட்டார்கள். கறையான் தின்றுவிட்டது என்றேன். நம்பவில்லை. நெடுநேரம் வாசலிலேயே நின்றார்கள்.

இன்று மைப்படியைப் படம் பிடித்து, இந்தக் கடிதத்தோடு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். மூன்றாம் வரி தேய்ந்து கிடப்பதை எழுத்துத் தெரிந்தவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.

செவ்வாய்க்கிழமை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தனியாக வரவேண்டுமாம். பயமில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். போவேன். நீங்கள் சொல்லாததைச் சொன்னதாக என் கை ஒருநாளும் எழுதாது, அண்ணன்.

உங்களோடு கூடப்பிறந்த ஒரே தங்கச்சி