கிருமிச் சுங்கச்சாவடி

முதலியார்பேட்டை, புதுச்சேரி.
12-2-1961

சிரஞ்சீவி பாலகுருவுக்கு உன் தாய்மாமன் உத்திராபதி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

உன் மகள் சந்திரகலா சௌக்கியம். உன் மனைவி வரலட்சுமியும் சௌக்கியம். இந்த இரண்டையும் நம்பு. இதற்குக் கீழே வருவதை ஒருவனும் நம்ப மாட்டான் என்று சத்தியமாகச் சொல்கிறேன்.

பிரான்சில், துலோன் ராணுவ ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற நீ, மனிதர் தோலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன, கை கழுவாமல் குழந்தையைத் தூக்கவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குள் தூங்கிய சுங்க அதிகாரி எழுந்துவிட்டான். பிரெஞ்சுக்காரன் போனதோடு எல்லைச் சாவடியையும் எடுத்துவிட்டார்களே. சோதனை போட ஒரு மூட்டைகூட இல்லாமல் ஆறு வருஷம் தவித்தவன் நான். பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, குழந்தை இருக்கிற அறை வாசலில் நாற்காலி போட்டேன். பக்கத்தில் ஒரு வாளி, கார்பாலிக் சோப்பு.

முழங்கை வரை கழுவாத எவரும் உள்ளே போகவில்லை. வரலட்சுமி ஒவ்வொரு தடவை பால் கொடுக்குமுன்னும் கழுவினாள். மருத்துவச்சி ஆயம்மா, “முப்பது வருசமா புள்ள எடுக்கறேன், என் கையயே மோந்து பாக்கறியா நீ” என்றாள். ஒரே வாரத்தில் நம் கிணறு நுரைத்து வழிந்து, வெள்ளம் கடல் வரை போய், மீனெல்லாம் சோப்பு வாசனையோடு வலையில் விழுந்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வருகிற சரக்கைச் சோதித்தால் போதுமா, உள்ளே இருக்கிற சரக்கு என்ன ஆவது என்று என் உத்தியோக புத்தி கேட்டது. குழந்தையையும் தினம் மூன்று வேளை அதே சோப்பால் தேய்க்கச் சொன்னேன்.

பத்தாம் நாள் அவள் கழுத்திலும் அக்குளிலும் சீழ்க் கொப்புளங்கள். உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. அந்த ஒரு நாளைப் பெரிதுபடுத்தி எழுத எனக்கு வரவில்லை.

டாக்டரம்மா விசாரித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பெரியவரே, தோல்மேல இருக்கறதெல்லாம் எதிரி இல்ல. முக்காவாசி ஊர்க்காரங்க. அவங்க எடத்தப் புடிச்சிக்கினு இருக்கறதாலதான் வெளிக்கிருமி உள்ள வர்றதில்ல. நீங்க தேச்சித் தேச்சி தோலையும் புண்ணாக்கி, ஊர்க்காரங்களயும் தொரத்திட்டீங்க. காலி வூட்ல ரவுடி பூந்துட்டான்” என்றார். ஊசி போட்டு, ஊதா மருந்து தடவினார். சோப்பு வேண்டாம், தாயின் நெஞ்சோடு போட்டு வையுங்கள், அவள் தோலிலிருந்து வருகிற நல்ல கிருமிகள்தான் பிள்ளைக்கு முதல் சீர் என்றார். வரலட்சுமி அன்று பிள்ளையைக் கீழே விடவே இல்லை.

ஐந்தே நாளில் எல்லாம் காய்ந்துவிட்டது. அந்த ஊதா மருந்தால் பிஷப்பின் அங்கி நிறத்தில் ஜொலித்த உன் மகளைப் பார்க்கக் காலாப்பட்டிலிருந்து தனி பஸ் விட்டார்கள். ஆயம்மாவோ என் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்து, என் கையை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்த்து, “சரி, உள்ள போ” என்றாள்.

கிணறு, மீன், பஸ் மூன்றும் புளுகு. தொப்பிகூடக் கிடையாது, அதைச் சாவடியோடு வாங்கிக்கொண்டார்கள். தப்பு என்னுடையது, நேரில் வந்து திட்டு. மற்றதெல்லாம் நிஜம். சின்னதாக இன்னொரு நிஜமும் உண்டு. பதினைந்து நாள் காவல் இருந்த நான், பயத்தில் அவளைத் தொட்டதே இல்லை. அன்று ஆயம்மா அவளை என் மடியில் போட்டாள். சோப்பில் வெடித்துப்போன என் விரலைப் பிடித்தவள், தூங்கிய பிறகும் அதை விடவில்லை.

சீக்கிரம் லீவு கேளப்பா. கையை ஒரு தரம் கழுவினால் போதும். இன்னொரு விரலுக்கு அவளிடம் இடம் இருக்கிறது.

உன் மாமன்,
உத்திராபதி