பாதி விலைக் காப்பிப் பொடி

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. நானும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? வெல்டிங் வேலையில் நாள் முழுக்கக் குனிந்தே இருக்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதீர்கள். பயப்பட விஷயம் இருக்கிறது, ஆனால் முதல் வரியிலேயே வேண்டாம். நமக்கு இருப்பது ஒரே அறை, குட்டிக்கோ பாம்புக் காது. அதனால் தையல் கடையில் சாப்பாட்டு நேரத்தில், மிஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கடைக்காரம்மா வந்தால் அளவு குறிப்பதுபோல் நடிப்பேன்.

இந்த ஊர் விலைவாசி உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேறு நாட்டுக்கு ஒப்பந்த வேலைக்குப் போன பிறகு இன்னும் ஏறிவிட்டது. வெங்காயத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவர்களில் நானும் ஒருத்தி. தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில், மறுநாள் விற்க முடியாத ரொட்டி, பால், காய்க்கெல்லாம் சாயங்காலம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிப் பாதி விலைக்குப் போடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் குட்டியும் நேரே அங்கேதான். கீழ்த்தட்டு அவள் பொறுப்பு, மேல்தட்டு என் பொறுப்பு. மஞ்சள் கண்ணில் பட்டால், "அம்மா, மாட்டிக்கிச்சு" என்பாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்து, பேனாவால் கண், மூக்கு, வாய் வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். ஒவ்வொன்றும் அப்பாவின் டிக்கெட்டுக்கு மிச்சம் பிடித்தது, கதவு நிறைந்தால் அப்பா வந்துவிடுவார் என்று நான்தான் சொல்லி வைத்தேன். சும்மா அவளைச் சந்தோஷப்படுத்தச் சொன்னது.

நான் காப்பியை நிறுத்திவிட்டதை உங்களிடம் சொல்லவில்லை. காப்பிப் பொடி விற்கிற விலைக்கு வெந்நீரே தேவலை. வயிற்றுக்கு நல்லது என்று குட்டியிடம் பெருமையடித்துக்கொண்டு குடிப்பேன். அவள் அதை நம்பவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

போன வெள்ளிக்கிழமை என் கூடையில் ஒரு காப்பிப் பொடி பாக்கெட் கிடந்தது, அதன்மேல் மஞ்சள் ஸ்டிக்கர். குட்டி எடுத்துப் போட்டிருந்தாள். காப்பிப் பொடிக்கு ஏது பாதி விலை என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. நாமே பில் போட்டுக்கொள்கிற மிஷினில் ஸ்டிக்கரைக் காட்டினேன், காசு கட்டினேன், வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே காவலாளி பில்லை வாங்கிப் பார்த்தார். பில்லில் ரொட்டி, பையில் காப்பிப் பொடி.

மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். குட்டியை வெளியே நாற்காலியில் உட்காரவைத்தேன். பாக்கெட்டை மேஜைமேல் வைத்தபோதுதான் ஸ்டிக்கரைச் சரியாகப் பார்த்தேன். கண், மூக்கு, வாய். நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து வந்தது, எப்போதோ வாங்கிய ரொட்டியினுடையது. யார் ஒட்டியது என்று மேனேஜர் கேட்டார். நான்தான் என்றேன். "இதுல மூஞ்சி எதுக்கும்மா வரைஞ்சீங்க?" என்று காவலாளி கேட்டார். அதையும் நான்தான் வரைந்தேன் என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாம் இந்த நாட்டில் தங்குவதற்கான அட்டையை மேனேஜர் படம் எடுத்துக்கொண்டார். போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்று மேலிடத்தில் கேட்டுச் சொல்வாராம். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அட்டையைப் புதுப்பிக்கிற நேரமும் வந்துவிட்டது.

குழந்தை தெரியாமல் செய்தது என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மாடி வீட்டு நர்ஸ் அக்கா முன்பு ஒரு கதை சொன்னார். தனியாகப் பிள்ளை வளர்க்கிற ஒருத்தியின் மகன் கடையில் எதையோ எடுத்துவிட்டானாம். விசாரிக்க அரசாங்க ஆட்கள் வந்து, வளர்ப்பு சரியில்லை என்று பிள்ளையை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம். உண்மையோ, யாரோ கட்டிவிட்டதோ, சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. என் பெயர் கெட்டால் கெட்டுப் போகட்டும்.

அவளைத் திட்டவும் இல்லை. ஸ்டிக்கர் இருந்தால் விலை குறையும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அதைக் கடைக்காரர்கள்தான் ஒட்டலாம் என்று சொல்லிக்கொடுக்க விட்டுப்போயிற்று. அம்மாவுக்குக் காப்பி கிடைக்க அவளுக்குத் தெரிந்த வழியைச் செய்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அழைப்பு மணி அடித்தால் கதவுப் பக்கமே போவதில்லை. நேற்று குழாய் சரிசெய்ய வந்தவருக்குக் கதவைத் திறக்காமல், வீட்டில் யாருமில்லாததுபோல் குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அவர் போனதும், நிஜமாகவே யாராவது சோதிக்க வந்தால் கண்ணில் படுமே என்று, ஃபிரிட்ஜ் கதவில் இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டேன். குட்டி பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "அப்பா வரமாட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். கதவைத் துடைக்கத்தான் எடுத்தேன் என்று சொல்லிவைத்தேன். பசை அப்படியே நிற்கிறது, என்ன தேய்த்தும் போகவில்லை.

இன்று காலை தலை பின்னும்போது உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். ஒரே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். நான் சுரண்டும்போதே ஒன்றை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். அதில் மீசை வரைந்திருக்கிறது, அது நீங்களாம். "அப்பாவ டிக்கெட்ல ஒட்டிக்கச் சொல்லு, பாதிக் காசுதான் ஆகும்" என்றாள். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

அதை வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது, குப்பையில் போட மனசு வரவில்லை. இதோடு அனுப்புகிறேன், எதிலும் ஒட்டிவிடாதீர்கள். கடிதம் கிடைத்தபின் போன் செய்யும்போது காப்பியைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் வேண்டாம். ஸ்டிக்கர் வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள், அது போதும்.

உங்கள் ஒப்பந்தம் முடிய நாள் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். மணி அடித்தால் போய்க் கதவைத் திறக்க இந்த வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். முழு விலை கொடுத்தாவது வந்துவிடுங்கள். அவளிடம் பாதி விலைதான் ஆயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

பத்திரமாக இருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி