மணிக்காரனை நான்தான் கொன்றேன்

மே 5, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மாமி பலாச்சக்கை வெட்டினார், நான் சுளை எடுத்தேன். கையெல்லாம் பசை, எண்ணெய் போட்டும் போகவில்லை.

அத்தான் துபாய்க்குத் திரும்ப இன்னும் 16 நாள். கல்யாணமாகி நாலு வருஷம். சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டினால் பள்ளிக்கூடம் திறந்து அரைப்பரீட்சை வரைக்கும்கூட வராது.

இந்தத் தடவை பெட்டியில் வந்தவை: கம்பளி, சோப்பு, பாதாம், சென்ட். கம்பளிக்குள் பிள்ளையைப் போலச் சுற்றி ஒரு கேம் மெஷின். கம்பளி மாமிக்கு. மெஷின் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

சாயங்காலம் ஆறரை ஆனால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். துபாயில் ரூம்மேட் சாஜனுக்கு அப்போதுதான் டியூட்டி முடியும். அவனும் அங்கே அதே கேம். சாப்பாடு வரைக்கும் இரண்டு பேரும் பேச்சுதான், சிரிப்புதான். "கொள்ளாம் மக்கா! இன்னும் ரெண்டு அடி மக்கா!" அவன் மக்கா. நான் ஏட்டி.

பொம்பளையாக இருந்தால் சண்டை போடலாம். இது ஆம்பளை, கொல்லத்துக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். எதைச் சொல்லிச் சண்டை போட?

மே 6, செவ்வாய்

தலைவலி. மழை வரும்போல் இருட்டியது, வரவில்லை.

நெய்யூர் பக்கம் கட்டுகிற புது வீட்டுக்கு இன்று தளம் போடுகிறார்கள். அத்தான் பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வருவார். டீச்சர் வேலை, எனக்கு மே மாத லீவு. மெஷின் சும்மா கிடக்கிறது. ஆன் செய்தேன்.

ஒரு கோட்டை. உள்ளே ஒரு பெரிய ஆள், கழுத்தில் மணி, கையில் இரும்புத் தடி. மணிக்காரன். சுருக்கமாக ம.கா. அத்தான் இருபது நாளாக இவனிடம்தான் சாகிறார். வாள் வைத்திருக்கும் நம் ஆள் உள்ளே போக வேண்டும், ம.கா.வை அடிக்க வேண்டும். நான் எட்டு எண்ணுவதற்குள் செத்தேன்.

செத்தால் விளக்கடியில் எழும்பலாம். மருந்துக்குப்பி அஞ்சும் திரும்ப நிறைந்திருக்கும், எல்லாம் பழையபடி. அதனால் அவருடைய ஆட்டத்தில் நான் எத்தனை தடவை செத்தாலும் யாருக்கும் தெரியாது. நான் புதிதாக ஒன்று தொடங்கினால் ம.கா.விடம் வந்து சேரவே பத்து நாள் ஆகும். எனக்கு வேண்டியது இந்த ம.கா.தான். என் வீட்டுக்காரர் கண் கொட்டாமல் பார்க்கிறாரே, அவன்.

இன்று சாவு: 9. மெத்தைக் குழிவைப் பழையபடி தட்டி வைத்தேன். வயரையும் அதே மாதிரி சுருட்டினேன்.

மே 8, வியாழன்

கற்றது:
– வட்டப் பட்டன் சாட, அதாவது குதித்து விலக. மேல் வலது பட்டன் வெட்ட.
– பச்சைக் கோடு தீர்ந்தால் நம் ஆளுக்குக் கை ஓடாது. இரண்டு வெட்டு, பிறகு விலகணும். மூன்றாவது வெட்டுக்கு ஆசைப்பட்டால் சாவு.
– குப்பியை அவன் பக்கத்தில் நின்று குடிக்கக் கூடாது.

நெத்திலி வாங்கினேன். ரேஷன் கடை அடைப்பு.

மாமி எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளே, டிவிக்குள்ள ஆரக் கொல்லுதே?"

"அவன்தான் என்னக் கொல்லுதான் மாமி. அத்தான்ட்ட சொல்லாதிய."

"நான் எதுக்குச் சொல்லுதேன். அவன் வந்ததுக்குப் பெறவு எனக்க சீரியலே போச்சு. நல்லா வெட்டு."

சாவு: 17. கட்டைவிரலில் கொப்புளம். தேங்காய் துருவும்போது எரிந்தது.

மே 9, வெள்ளி

இதை எழுதாமல் தூக்கம் வராது.

சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். ம.கா. தடியை ஓங்கும்போது கழுத்து மணி ஒரு அடி அடிக்கும். அடித்த உடனே அத்தான் சாடுகிறார். தடி அதற்கு ஒரு மூச்சு கழித்துத்தான் இறங்குகிறது. சாடி நிமிர்ந்த மண்டையில் சரியாக விழுகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"மணி அடிச்ச ஒடனே சாடாதிய. கொஞ்சம் பொறுத்துச் சாடுங்க."

"ஏட்டி, இது நீ நெனைக்கிய மாதிரி இல்ல. சும்மா இரி."

சும்மா இருந்தேன். பத்து நிமிஷம் கழிந்து ஹெட்செட்டில் இவர்: "என்ன மக்கா? மணி அடிச்சதும் சாடப்பிடாதா? பொறுத்தா?" பிறகு தொடையில் அடித்துக்கொண்டு, "லே சாஜா, ஒனக்க மண்டை மண்டைதாம்லே!"

பூண்டைத் தோலோடு இடித்தேன். இரவு ரசத்தில் தோல். யாரும் கவனிக்கவில்லை.

என் புருஷனுக்கு என் வாயால் சொன்னால் காற்று, சாஜன் வாயால் சொன்னால் வேதம். வயிறு எரிகிறது. எரிகிறது என்றே எழுதுகிறேன்.

மே 11, ஞாயிறு

கோயிலில் மின்விசிறி ஓடவில்லை. பிரசங்கம் நீளம்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் பிள்ளைகள் கயிறு சாடினார்கள். இரண்டு பேர் சுற்ற, ஒவ்வொருத்தியாக உள்ளே நுழைவது. என் கிளாஸ் ஜெனி தரையில் கயிறு அடித்த சத்தம் கேட்டதும் ஓடினாள், காலில் மாட்டியது. "சத்தத்துக்கு ஓடாத, கயிறு மேல போவட்டும், அதுக்குப் பெறவு போ" என்றேன். வருஷா வருஷம் சொல்கிறதுதான். நுழைந்துவிட்டாள்.

அங்கேயே நின்றுவிட்டேன். ம.கா.விடமிருந்து விலகிச் சாடுவதே தப்பு. மணிக்கு நிற்கணும், தடி இறங்கத் தொடங்கினதும் அவன் பக்கமாக உள்ளே நுழையணும்.

அத்தான் பைக்கில் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். வழியெல்லாம் என்ன யோசனை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சாஜனிடம் கேட்கட்டும்.

மே 13, செவ்வாய்

காலை 11.40. கொன்றுவிட்டேன்.

மணி. நின்றேன். தடி. உள்ளே. இரண்டு வெட்டு. விலகல். பாதியில் அவன் தடி தீப்பிடித்தது, இதுவரை நான் பார்க்காதது. குப்பி ஒன்றுதான் மிச்சம். மணி. நின்றேன். கடைசி வெட்டில் அவன் முட்டி மடக்கி விழுந்தான். மணி கழன்று உருண்டது.

தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். மாமி தூக்கம். சொல்ல ஆள் இல்லை. சொல்லவேண்டிய ஆள் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

ஒரு தடவை செத்தால் பழையபடி ஆகிவிடும் என்று கோட்டை மேலிருந்து குதித்தேன். விளக்கடியில் எழும்பினேன். உள்ளே போனால் வெறும் தரை, மணி மட்டும். மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டேன். வெறும் தரை. நாம் செத்தால்தான் எழும்பலாமாம். அவன் செத்தால் செத்ததுதான். மெஷின் தானாகவே பதிந்து வைத்துக்கொள்கிறது.

மாமியை எழுப்பிச் சொன்னேன். "செத்தவன எழுப்ப வழி இல்லியா?" என்றார். இல்லை. "அப்போ சோறு வடி, வருவான்."

சாயங்காலம். ஆறரை. ஹெட்செட். "இன்னைக்கு முடிச்சிருவேம்டே, பாரு." உள்ளே போனார். தரையில் மணி மட்டும் கிடந்தது.

"லே சாஜா, மணிக்காரனக் காணல."

சமையல்கட்டு வாசலில் நின்று சொன்னேன். "நான்தான்."

ஹெட்செட்டைக் கழற்றினார். இத்தனை நாளில் ஆறே முக்காலுக்குக் கழற்றியது இன்றுதான்.

"எத்தன தடவ செத்தே?"

"அம்பத்தி மூணு."

மணி கிடந்த தரையைத் திரும்பப் பார்த்தார். அவர் இருநூறைத் தாண்டிவிட்டார், எனக்குத் தெரியும். அந்த முகம் எனக்குப் பழக்கம். ஒரு மாசமாக என் கண்ணாடியில் நான் பார்க்கிற முகம். மெஷினை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டாவதுதான் அதிகம்.

மே 15, வியாழன்

இரண்டு நாளாக மெஷின் ஆன் ஆகவில்லை. சாஜன் போனில் கூப்பிட்டான், எடுக்கவில்லை. நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. சாயங்காலம் முழுக்க அவர் எனக்குத்தான். படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார்.

"சாயா குடிக்குதியளா?"

"ம்."

இதற்கு அந்த ஹெட்செட் சிரிப்பே மேல். மாமிக்கு சீரியல் திரும்பக் கிடைத்தது, அவர் ஒருத்திக்குத்தான் லாபம். அத்தான் இத்தனை நாள் பாடுபட்டதை நான் திருடிவிட்டேனா? கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டிருந்தால் "சும்மா இரி" என்றிருப்பார்.

6 நாள்.

மே 17, சனி

மழை. நல்ல மழை. கரண்ட் போய் வந்தது.

கரண்ட் வந்ததும் சத்தம் கேட்டுப் போனேன். ஆட்டத்தைப் புதிதாக, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். ஹெட்செட் கழுத்தில், காதில் இல்லை. திரும்பிப் பார்க்காமலே மெத்தையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி. எப்ப சாடணும்னு எப்பிடிக் கண்டுபிடிச்சே?"

கயிற்றைச் சொன்னேன். ஜெனியைச் சொன்னேன். கேட்டார்.

"நான் முந்தியே ஒருக்கா சொன்னேம்லா" என்றேன்.

"சொன்னே. சாஜன் சொன்னதுக்கு முந்தி." ஹெட்செட்டைக் கழுத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டு, "அவன்கிட்ட நீ அடிச்சத நான் சொல்லல. மெஷின் கேடுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சொல்லும்வரை மெத்தையை விட்டு எழும்ப மாட்டேன் என்றேன். போன் போட்டுச் சொன்னார். சாஜன் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் இல்லாமலே சமையல்கட்டில் இருந்த மாமி வரை கேட்டது.

மே 21, புதன்

திருவனந்தபுரம் ஏர்போர்ட் போய் வந்தோம். மாமி அழுதார். ம.கா.விடம் திரும்ப வந்து சேர நாள் போதவில்லை.

பெட்டியில் போனவை: சக்கை வற்றல், மீன் ஊறுகாய், பலகாரம். மெஷின் போகவில்லை. "சாஜன்ட்ட ஒண்ணு உண்டு. இது ஒனக்கு" என்றார்.

மே 23, வெள்ளி

மொட்டை வெயில். நாள் முழுக்கத் துணி துவைப்பு. அவர் சட்டை ஒன்று துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆறரை. ஹெட்செட்டை நான் மாட்டினேன். காதுக்குள் அத்தான் மூச்சு. அவர் அங்கே புதுசாகத் தொடங்கி முதல் கோட்டையில் நிற்கிறார், இங்கே நானும். நன்றாகத்தான் இருந்தது, ஒரு பத்து நிமிஷம்.

பிறகு கட்டில் கிறீச்சிடும் சத்தம். சாஜன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். அவர் ஆடுவதைப் பார்க்கிறான். எங்கள் சக்கை வற்றலைக் கடிக்கிறான், கறுமுறு என்று கேட்கிறது. இத்தனை நாள் அவன் காதுக்குள், நான் பக்கத்தில். இப்போது நான் காதுக்குள். மெத்தை அவனுக்கு.

வாசலில் ஈட்டிக்காரன். அத்தானும் நானும் ஒரே இடத்தில்.

"மக்கா, பைய" என்றார் அத்தான்.

யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அவன் வாயில் வற்றல். நான்தான் முதலில் 'ம்' சொன்னேன்.