பதினாலாம் நம்பர் அறைக்குத் தண்ணீர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஊராட்சி அலுவலக மேஜையை மூன்று தடவை துடைத்தேன். மூன்று தடவையும் தூசி.

வேலைகள்: குடிநீர் மோட்டார் ரிப்பேர். வரி ரசீதுப் புத்தகம். நோட்டீஸ் ஒட்டுவது.

நோட்டீஸ், சாகுல் பாய் மனுவுக்கு. சிவகாசியில் ஜேசிபி, கிரேன், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். நம் ஊர் பட்டாசு ஆலைக்குத் தெற்கே நிலம் வாங்கியிருக்கிறார். வண்டி நிறுத்த யார்டு, டீசல் டேங்க், வெல்டிங் ஷெட். நகரமைப்பு அலுவலகம் ஊராட்சியின் கருத்தைக் கேட்டிருக்கிறது. தலைவர் பதவிக்காலம் முடிந்துபோனது. தனி அலுவலர் வந்தால் வருவார். ஆகவே ஊராட்சியின் கருத்து என்பது செயலாளராகிய நான் எழுதுவது.

வரைபடத்தில் ஆலை வேலிக்கு அந்தப் பக்கம் 'காலி இடம்' என்று போட்டிருக்கிறார்கள். அது பதினாலாம் நம்பர் அறை. என் தங்கை பே. அங்கே நடந்த வெடிவிபத்தில்தான் போனாள். எட்டு மாதம். ஆலை அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

ஒட்டிவிட்டேன். பசை போதவில்லை.

ரசத்தில் உப்பே இல்லை என்றார் இவர். எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நகரமைப்பு அலுவலகத்து சார் அளக்க வந்தார். சின்ன வயது. தொப்பி காற்றில் இரண்டு தரம் பறந்தது.

ஸ்டீல் டேப்பை எடுத்ததும் வாட்ச்மேன் கருப்பசாமி அண்ணாச்சி மறித்துவிட்டார்.

"இரும்பு ஆகாது சார். உள்ள துணி டேப்பு இருக்கு, எடுத்தாரேன்."

"இங்க வெடிக்கிறதுக்கு என்ன பெரியவரே இருக்கு?"

அண்ணாச்சி உள்ளே போய்த் துணி டேப்பை எடுத்து வந்தார். ஒரு முனையை நான் பிடித்தேன்.

அறை என்று ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தளம், வாசல்படி, அவ்வளவு. படியோரம் பாதியாக வெட்டிய நீல டிரம். நிறையத் தண்ணீர். தினமும் அண்ணாச்சி நிரப்புகிறாராம்.

"ரூமு வாசல்ல தண்ணி நிக்கணும். ரூலு அப்படித்தேன்."

சார் சிரித்தார். டிரம்மைப் போட்டோ எடுத்துக்கொண்டார். என் காலைப் பார்த்து, "நீங்க ஏம்மா வெறுங்காலோட நிக்கிறீங்க?" என்றார். பழக்கம். ஆலை அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. படிக்குக் கீழே கழற்றி வைத்திருந்தேன்.

அன்றைக்கு பே. போனதை எங்களுக்குச் சொன்னது அவள் செருப்பு. வெளியே ஒழுங்காக ஜோடியாகக் கிடந்தது.

பதின்மூன்றாம் அறையிலிருந்து அளந்தால் யார்டுக்கு விட வேண்டிய பாதுகாப்புத் தூரம் சரி. பதினாலிலிருந்து என்றால் போதாது. சார் விளக்கமாகச் சொன்னார். அறை இருக்கிறது என்று ஊராட்சி எழுதினால் யார்டு வராது. ஆலை திறக்கும்போது அறையைத் திரும்பக் கட்டிக்கொள்வார்கள். இல்லை என்று எழுதினால் யார்டு வரும். அங்கே இனி அறை கட்ட முடியாது.

"இருக்கா, இல்லையா, நீங்களே சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சமையல் காஸ் முடிந்தது.

ஜூன் 11, புதன்

சாகுல் பாய் அலுவலகத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன்.

"பொய் எழுதச் சொல்லி வரலைம்மா. இருந்தா இருக்குன்னு எழுதுங்க. இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க."

மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வெடித்த அன்றைக்கு யாரும் கூப்பிடாமலே ஜேசிபியை அனுப்பினவர் பாய்தான். அந்த வண்டி கல்லைப் புரட்டுவதை நான் ரோட்டில் நின்று பார்த்தேன். டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அறை நம்பரைச் சரிபார்க்கப் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கம். 'அறை எண் 11 முதல் 14 வரை கூடுதலாகக் கட்டுவதில் ஆட்சேபணை இல்லை.' என் கையெழுத்து. அழகாகத்தான் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு என்ன கிழமை, என்ன சாப்பிட்டேன், ஒன்றும் நினைவில்லை. எழுது என்றார்கள், எழுதினேன்.

இவரிடம் காட்டினேன். "நீ எழுதலைன்னா இன்னொருத்தன் எழுதியிருப்பான்" என்றார். சரிதான். ஆனால் எழுதினது நான்.

ஜூன் 12, வியாழன்

கூட்டம். பதினேழு பேர். தனி அலுவலர் வரவில்லை, போனில் 'நடத்துங்க' என்றார். மிக்சர், டீ.

வெல்டிங் பொறி பறக்கும் என்றார் ஒருவர். ரோடு தாங்காது என்றார் இன்னொருவர். பேச்சு ஓயப் போகிற நேரத்தில் மாரியம்மாள் எழுந்தாள். பே.யோடு பதினாலில் உட்கார்ந்து வேலை செய்தவள். அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்ததால் இன்று இருக்கிறாள்.

"ரூமு இல்லைன்னு எழுதிப்புட்டா, தெறக்கையில நாலு பேருக்கு வேலை இல்லைம்பாக. அந்த நாலுல நான் ஒருத்தி. ஜேசிபி ஓட்ட என்னையவா கூப்பிடப் போறாக?"

என் பக்கம் திரும்பினாள்.

"உங்க தங்கச்சி இருந்தா அவளும் இதத்தேன் கேப்பா. ஏக்கா, கேக்க மாட்டாளா?"

கேட்பாள். நிச்சயம் கேட்பாள். 'பொதுமக்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று எழுதிக் கூட்டத்தை முடித்தேன். மீதி மிக்சரை அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மோட்டார் ஓடுகிறது. காஸ் வந்துவிட்டது. கருத்து எழுதவில்லை.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்ல" என்று இவர் கேலி செய்தார். சிரிக்க முயன்றேன்.

பே.யின் மகள் காதுகுத்தில் சீர்த்தட்டு வைத்தவர்கள் பெயரை மைக்கில் வாசித்தபோது என் பெயர் விட்டுப்போனது. அதற்காக நான் நாலு மாதம் அவளோடு பேசவில்லை. சாவதற்கு முந்தின வாரம் பணியாரம் கொண்டு வந்தாள். நான் உள்ளே இருந்துகொண்டே குரல் கொடுக்கவில்லை. தூக்குவாளியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். வாளி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

எழுதிவிட்டேன். 'அறை எண் 14 தற்போது இல்லை. தளம் மட்டும் உள்ளது.' கையெழுத்து, சீல். தனி அலுவலர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாகுல் பாய்க்காக இல்லை. மாரியம்மாள் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை. அந்தத் தளத்தில் இனி ஒருத்தி உட்காரக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மாரியம்மாள். 'வாங்கக்கா' என்று சொல்லவில்லை. திரும்பி நின்றுகொண்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

சார் போன் செய்தார். போட்டோவில் டிரம் நிறையத் தண்ணீர் இருப்பதால் அறை உபயோகத்தில் இருப்பது போலத் தெரிகிறதாம். டிரம்மைக் காலி செய்து வேறு போட்டோ அனுப்ப வேண்டும். இன்றைக்கே.

நாலு மணிக்குப் போனேன். அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"ரொப்புனவன் நானு. கவுக்க மாட்டேம்மா. நீங்க எழுதுனீக, நீங்களே கவுத்துக்கோங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஆலை கேட் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

கனம். இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தேன். தண்ணீர் தளம் முழுக்க ஓடி என் காலை நனைத்தது. வெயிலுக்குச் சில்லென்று இருந்தது. உள்ளே இருந்தும் குரல் கொடுக்காமல் இருந்தேனே பேச்சி, கதவைத் திறந்திருக்கலாமே என்று வாய்விட்டுச் சொன்னேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அழுதேன். அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

போட்டோ எடுத்தேன். அனுப்பினேன். 'ஓகே மேடம்' என்று வந்தது.

நடந்தே வந்தேன். வீட்டு வாசலில், "செருப்பு எங்க?" என்றார் இவர். குனிந்து பார்த்தேன். பதினாலாம் நம்பர் படிக்குக் கீழே, ஜோடியாக, கழற்றி வைத்தபடியே கிடக்கும்.