துந்தாவுக்கு முதல் முடி எடுத்த கதை

அன்பு மகள் செவெரினாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் துந்தாவும் நல்ல சுகம். புவெனோஸ் ஐரெஸில் நீயும் உன் தையல் மிஷினும் அதேபோல் சுகமாயிருக்கப் பூமித்தாய்க்குக் கொஞ்சம் மது ஊற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் கடிதம் வந்தது. அந்த லாமாவைக் கொடுத்துத் தொலையுங்கள், ஒரு மிருகத்துக்காக ஊரைப் பகைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் ஞானத்தகப்பன் இலாரியோன் போன் போட்டு உன் காதில் ஓதியிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். போன ஆகஸ்டில் சுரங்கத்தில் பலிகொடுக்கக் கொண்டுபோன வெள்ளைக் குட்டி, மலை வளைவில் லாரியிலிருந்து விழுந்து முன்னங்கால் ஒடிந்து கிடந்தது. ஊனப்பட்டது பலிக்கு ஆகாது, விட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னவர் சுரங்கக்காரர்களின் தலைவரான இவர்தான். பனியில் கிடந்ததை நான் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தேன். காலுக்குக் குச்சி வைத்துக் கட்டினேன். முதல் நாள் என்னைத் திட்டித் தீர்த்த உன் அம்மா, மறுநாளே தன் கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டு எனக்குக் குளிருகிறது என்று என்னோடு சண்டை போட்டாள். நாம் காயவைக்கும் வெள்ளை உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறான் என்று துந்தா என்ற பெயரையும் அவளே வைத்தாள். இப்போது அவள் பின்னாலேயே முனகிக்கொண்டு அடுப்படி வரை வருகிறான். சுமை தூக்குவதில்லை, இவனால் என்ன பிரயோஜனம் என்று ஊரில் கேட்கிறார்கள். உன் ஞானத்தகப்பனால் என்ன பிரயோஜனம் என்று நான் யாரையாவது கேட்டேனா?

கால் கூடிவிட்ட செய்தி அவருக்கு எட்டியது. ஊனம் இல்லை, அப்படியானால் எங்கள் லாமா எங்களுக்கு வேண்டும், கார்னிவல் திருவிழாவுக்கு வந்து ஓட்டிப்போகிறேன் என்று சொல்லியனுப்பினார். வரட்டும் என்றேன். பிள்ளைகளுக்கு முதல் முடி எடுக்கும்போது செய்வதுபோலவே துந்தாவின் கழுத்து ரோமத்தைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி சிவப்பு நாடா கட்டினோம். தட்டில் கொக்கா இலை பரப்பிக் கத்தரியை வைத்தோம். அன்று ஊரே முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உன் அம்மா அவருக்குக் குவளை குவளையாக ஊற்றினாள். முதல் முடி எடுப்பதென்றால் ஊரில் எல்லா வீட்டிலும் அவரைத்தானே கூப்பிடுவார்கள், உனக்கும் அவர்தானே எடுத்து ஞானத்தகப்பன் ஆனார். கத்தரியைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்குமா? சிரித்துக்கொண்டே ஒரு பின்னலை வெட்டித் தட்டில் போட்டார், பழக்கதோஷத்தில் மேலே ஒரு பணநோட்டையும் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம்தான் வந்த வேலை ஞாபகம் வந்து கயிற்றைக் கேட்டார். நான் அவரை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன்: "கொம்பாத்ரே, இந்த ஊர்ல நீங்க முடி எடுத்த பிள்ளைங்க எத்தனை பேர்? அதுல ஒண்ணையாவது அறுத்திருக்கீங்களா?"

ஆட்டம் நின்றுபோனது. "இது மிருகம்யா" என்றார். "மிருகந்தான். முடி எடுத்தது மனுஷன்தானே" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கயிறில்லாமல் போய்விட்டார். இந்தக் கோபத்தில்தான் உனக்குப் போன் போட்டது. வருகிற ஆகஸ்டுக்கு வேறொன்றை வாங்குவார்கள், தெரியும். நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. அதுவும் இந்த வழியாகத்தான் போகவேண்டும். கத்தரியை நான் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். மகள் போன இடத்தில் லாமாவை வைத்திருக்கிறான் என்கிறார்களாம், ஆமாம், வைத்திருக்கிறேன். போன வாரம் நம் மதில்மேல் ஒரு கட்டு பார்லித் தட்டை இருந்தது. ஞானத்தகப்பன் வெறுங்கையோடு வரக்கூடாதல்லவா, வைத்துவிட்டு வீட்டுக்குள் வராமலே போய்க்கொண்டிருந்தார். துந்தா ஓடிப்போய் அவர் முதுகில் துப்பிவிட்டு வந்து முழுக்கட்டையும் தின்றான்.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பூமித்தாய் உன் கைக்கும் காலுக்கும் பலம் தரட்டும். ஒன்றை மறக்காதே. இனி எழுதும்போது கொடுத்துவிடு என்று எழுதாதே, தம்பி எப்படியிருக்கிறான் என்று கேட்டு எழுது. உங்கள் இரண்டு பேருக்கும் முடி எடுத்தவர் ஒருவர்தான்.

உன் அப்பா,
ஃபவுஸ்தோ சோக்கே